சுவரில் இருந்த நீலக் கோடு: திருமணிமுத்தாற்றங்கரையில் ஒரு சித்திரை இரவு

ஃபெஞ்சல் புயலுக்குப் பின் வந்த ஒரு சித்திரையில், சேலம் மாநகருக்குள் திருமணிமுத்தாற்றின் கரையில் உள்ள நெசவாளர் தெரு ஒன்றில், ஒரே இரவில் ஏறி வடிந்த வெள்ளத்தைப் பற்றிய பதிவு இது. தெருவின் பெயரும் மனிதர்களின் பெயர்களும், அவர்கள் கேட்டுக்கொண்டபடி, இதில் இல்லை. இதை எழுதும் நான் அத்தெருவின் வெள்ளக் குழுவில் இருந்த ஆறு பேரில் ஒருவன். தெருவுக்கு மேலே மேட்டில் உள்ள தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். அன்றிரவு உயிரிழப்பு ஏற்படவில்லை. அதனாலேயே எங்கள் ஏற்பாடு சரியாக வேலை செய்தது என்று தெருவில் பலர் நம்புகிறார்கள். அது சரியாக வேலை செய்யவில்லை என்பதால்தான் நடந்ததை நேர வரிசையில் எழுதிவைக்கிறேன்.

பின்னணி

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அதில் ஓடுவது நகரத்தின் கழிவுநீர்தான். என் வகுப்புப் பிள்ளைகள் அதை ஆறு என்றே சொல்வதில்லை. ஆனால் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் சேலம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்திலும் இருக்கின்றன என்பதையும், இந்த இறக்கம் முழுவதும் மிகக் குறுகிய தொலைவுக்குள் முடிந்துவிடுகிறது என்பதையும் சேர்த்து நினைத்தால், மலையில் கொட்டும் மழைக்கு நகரத்தை அடைய எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்பது விளங்கும். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். காய்ந்து இறுகிய மண்ணும் சிமெண்டுத் தளமும் அதில் பெரும்பகுதியைக் குடிக்காமல் கீழே அனுப்பிவிடும்.

தெருவில் 60க்குச் சற்று மேற்பட்ட வீடுகள் உள்ளன. ஆற்றை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் கீழ்முனையில் 23 வீடுகள். அவற்றுள் 14 வீடுகளில் குழித்தறி இருக்கிறது. நெய்பவர் தரையில் வெட்டிய குழிக்குள் காலை இறக்கி மிதியை மிதித்தபடி நெய்வார். வாசலைத் தாண்டி உள்ளே வரும் தண்ணீர் முதலில் போய் நிறைவது அந்தக் குழியில்தான். தறியில் ஏற்றியுள்ள பட்டுப் பாவு (துணியின் நீளவாட்டு இழைத் தொகுதி) அநேகமாக நெய்பவருடையது அல்ல, கூலிக்குக் கொடுத்த முதலாளியுடையது. தறி இல்லாத வீடுகளில் சில, வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலையை வீட்டிலேயே வைத்துச் செய்கின்றன.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், அடுத்த இரு நாட்களில் உள்மாவட்டங்களின் மேல் நின்று கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கும், ஏற்காட்டில் 20 சென்டிமீட்டருக்கு மேலும் மழை பதிவாகி, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எங்கள் தெருவின் கீழ்முனையில் மூன்று வீடுகளுக்குள் மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர் புகுந்தது. தெருப் பையன்கள் அந்த உயரத்தைப் பாலத்தின் சுவரில் நீலப் பெயிண்டால் கோடாக வரைந்தார்கள். குழு அமைந்தது அதன் பிறகுதான். குழுவின் விதி ஒன்றே ஒன்று: தண்ணீர் நீலக் கோட்டுக்கு ஒரு முழம் கீழே வந்தால் கீழ்முனையைக் காலி செய்ய வேண்டும்.

ஆபத்தான மாதங்கள் என்று நாங்கள் மனத்தில் வைத்திருந்தவை ஐப்பசியும் கார்த்திகையும். சித்திரை மழைக்கு யாரும் அஞ்சுவதில்லை. மாங்காய்க்கும், மலையில் காப்பி பூப்பதற்கும், புழுக்கத்துக்கும் அதை வேண்டிக் காத்திருப்பதே வழக்கம்.

அன்று மாலை வரை கண்டவை

நான்கு நாட்களாக வெயில் கடுமையாக இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குமேல் மலை முகட்டில் மேகம் திரண்டு உயர்ந்தது. நகரத்தில் ஒரு துளி விழவில்லை. கோடையின் வெப்பத்தில் எழும் ஈரக்காற்று மலைச் சரிவில் மோதி மேலேறி, மாலையில் இடிமழையாக இறங்குவது இங்கு எல்லா ஆண்டும் நடப்பதுதான். வானிலை அறிவிப்பில் சேலம் மாவட்டத்துக்கு இடியுடன் மழை வாய்ப்பு என்று இருந்தது. அதே வாசகம் அந்த வாரத்தில் மூன்றாம் முறையாக வந்திருந்ததால், குழுவில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, நானும்தான்.

இரவு 7.10க்கு மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பெண், எங்கள் தெருவில் தறி நெய்யும் தம் அக்காள் கணவருக்குப் பேசினார். “மாமா, இங்க ஒரு மணி நேரமா கொட்டுது. ஓடையில செம்மண் தண்ணியா வருது, மரமெல்லாம் உருட்டிக்கிட்டு வருது. பாத்து இருங்க” என்பதே அவர் சொன்னது. அந்த நெசவாளர் உடனே குழுவிடம் வந்து சொன்னார். அன்றிரவு எங்களுக்குக் கிடைத்த செய்திகளில் மிகத் துல்லியமானது அதுதான். மழை பெய்யும் நேரம், நீரின் நிறம், அதன் வேகம், அது சுமந்துவரும் பொருள் ஆகிய நான்கும் அதில் இருந்தன.

முதல் முடிவு: காத்திருப்பது

7.20க்கு நாங்கள் எடுத்த முடிவு, இருவரைப் பாலத்தில் காவலுக்கு நிறுத்திவிட்டுக் கோட்டைப் பார்த்துக் காத்திருப்பது. இதன் காரணத்தைச் சொல்லாமல் முடிவை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் இரண்டு முறை எச்சரிக்கை கொடுத்து, நெசவாளர்கள் பாவை அறுத்துத் தறியிலிருந்து இறக்கி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு முறையும் வெள்ளம் வரவில்லை. அறுத்த பாவைத் திரும்ப ஏற்ற, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதற்கு ஆள்கூலி, வேலை நின்ற நாட்களின் கூலி இழப்பு, பிணைப்பில் வரும் பழுதுக்கு முதலாளியிடம் வாங்கும் பேச்சு எல்லாம் நெய்பவரின் தலையில்தான் விழுந்தன. இரண்டாம் முறைக்குப் பிறகு ஒரு பெரியவர் என்னிடம், “வாத்தியாரே, உங்க வெள்ளம் வராமலே எங்களை முழுகடிச்சிருச்சு” என்றார். மூன்றாம் முறை அவரிடம் போய்ச் சொல்ல எங்களுக்குத் தயக்கமாக இருந்தது.

காவல் நின்ற இடம் பாலத்தின் கீழ்ப்பக்கம், அதாவது தண்ணீர் பாலத்தைக் கடந்து வெளியேறும் பக்கம். அங்கே ஒரு தேநீர்க் கடையும் அதன் விளக்கும் உண்டு. நீலக் கோடு வரையப்பட்டதும் அந்தப் பக்கத்துச் சுவரில்தான், விளக்கு வெளிச்சத்தில் தெரியும் என்பதால். எங்கள் தெருவின் கீழ்முனையோ பாலத்துக்கு மேல்பக்கத்தில், தண்ணீர் பாலத்துக்கு வந்துசேரும் பக்கத்தில் இருக்கிறது. இந்த வேறுபாட்டை ஒன்றரை ஆண்டில் எங்களில் ஒருவரும் ஒருமுறைகூட யோசித்திருக்கவில்லை.

7.50 முதல் 8.35 வரை

7.50க்கு நகரத்திலும் மழை தொடங்கியது. சில நிமிடங்களில் மின்சாரம் நின்றது. காவலில் இருந்தவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் நீர்மட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: கோட்டுக்கு நாலடி கீழே, மூன்றரை அடி, மூன்றரை அடி, மூன்று அடி. ஏறுகிறது, ஆனால் மெதுவாகத்தான் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

8.25க்குக் கீழ்முனையின் கடைசி வீட்டில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவர், பக்கத்து வீட்டுச் சிறுவனை அனுப்பி எங்களை அழைத்தார். புறக்கடையில் பாத்திரம் கழுவும் இடத்துச் சாக்கடைக் குழியிலிருந்து தண்ணீர் குமிழியிட்டு மேலே வருகிறது என்பது செய்தி. போய்ப் பார்த்த குழு உறுப்பினர், மழைநீர் வடியாமல் தேங்குகிறது என்று முடிவுசெய்து, கதவருகே சாக்கு வைத்துவிட்டுத் திரும்பினார். “கண்ணு, இது மழைத் தண்ணி இல்ல, ஆத்துத் தண்ணி. நாத்தத்தைப் பாரு, மண்ணைப் பாரு” என்று மூதாட்டி சொன்னதாக, பிறகு அந்த உறுப்பினரே வருத்தத்துடன் கூறினார். ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கரையில் வாழ்பவரின் பேச்சைவிட, பாலத்தில் இருந்த ஒன்றரை ஆண்டுக் கோட்டை நாங்கள் பெரிதாக நம்பினோம். அதில் பத்து நிமிடம் போயிற்று.

8.35க்குக் கீழ்முனையின் ஏழெட்டு வீடுகளின் புறக்கடைச் சாக்கடைகள் ஒரே நேரத்தில் பொங்கின. தண்ணீர் தெருவின் வாசல் பக்கமாக வரவில்லை. வீடுகளின் பின்புறமிருந்து உள்ளே வந்தது. அந்த நேரத்தில் பாலத்துக் காவலர்கள் சொன்ன மட்டம், கோட்டுக்கு இரண்டே முக்கால் அடி கீழே.

இரண்டாம் முடிவு: கோட்டை விட்டுவிட்டு ஆட்களை நகர்த்துவது

கோடு என்ன சொன்னாலும் சரி, கீழ்முனையைக் காலி செய்வது என்று 8.40க்கு முடிவெடுத்தோம். படுக்கையில் இருந்த இரு முதியவர்கள், நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர், சிறு குழந்தைகள் என்ற வரிசையில் வெளியேற்றினோம். முழங்கால் அளவுகூட ஆகாத தண்ணீர்தான், ஆனால் வேகமாக ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே பெரியவரின் காலை வாரிவிடும் என்பதால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரச் செய்தோம். முதலில் திட்டமிட்ட தங்குமிடம் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள திருமண மண்டபம். பாலத்தின் கைப்பிடிச் சுவர் இருட்டில் தெரியாத நிலையில் யாரும் அதைக் கடக்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே திட்டத்தை மாற்றினோம். அன்று எடுத்த முடிவுகளில் இன்றும் நான் மாற்ற விரும்பாத முடிவு இது.

மாற்று இடம் என் பள்ளி. சாவி வைத்திருந்தவர் வெளியூரில் இருந்தார். ஐந்து நிமிடம் தொலைபேசியில் முயன்ற பிறகு பூட்டை உடைத்தோம். மறுநாள் காலை நடந்ததை எழுத்தில் கொடுத்தேன். அதற்காக யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் கைக்குழந்தையோடு மழையில் நின்ற பெண்களின் முன்னே அந்த ஐந்து நிமிடம் சாவிக்காகப் பேசிக்கொண்டிருந்தது தேவையற்றது.

மூன்றாவது, மின்சாரம். வீடுகளுக்குள் தண்ணீர் இருக்கும்போது மின்சாரம் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று ஒரு பெண் கேட்டார். மின்வாரிய அலுவலகத்துக்கு இருமுறை பேசி, நாங்கள் சொல்லும்வரை டிரான்ஸ்ஃபார்மரை இயக்க வேண்டாம் என்று உறுதி வாங்கினோம். நாங்கள் மறந்தது இன்வெர்ட்டரை. ஒரு வீட்டில் அது தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேலே ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டு நடையில் கால் வைத்த இளைஞருக்குக் காலில் சுரீரென்று பிடித்தது. அவர் தப்பியது எங்கள் திறமையால் அல்ல.

நான்காவது முடிவைப் பற்றி இன்னும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கீழ்முனையில் ஒரு நெசவாளர் வெளியே வர மறுத்தார். அவர் தறியில், முடிய ஒரு சாண் மட்டுமே மீதியிருந்த பட்டு வேட்டி இருந்தது. பாவும் ஜரிகையும் முதலாளியுடையவை. குழியில் தண்ணீர் நிறைந்து, அவர் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இழுத்துவருவதா, உதவுவதா என்ற கேள்விக்கு அவகாசம் இல்லை. இருவர் உள்ளே இறங்கிப் பாவை அறுத்து, துணியையும், இழைகள் கோத்த அச்சையும் விழுதையும் சேர்த்துத் தூக்கிப் பரணில் போட்டார்கள். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அவர்கள் வெளியேறிய சற்று நேரத்தில் பின்சுவரின் ஒரு பகுதி சரிந்தது. உதவியது சரி என்று தெருவே சொல்கிறது. மூன்று உயிர்களை ஒரு வேட்டிக்காகப் பன்னிரண்டு நிமிடம் அந்தச் சுவரின் அடியில் நிறுத்தியது தவறு என்பது என் கருத்து. அதே சமயம், அந்த வேட்டியின் கடன் அவர் தலையில் இருக்கும்வரை, வெளியே வா என்று வெறும் வாயால் அவரை அழைக்க எனக்கு என்ன உரிமை என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை.

வெள்ளம் உச்சத்தை அடைந்ததும் வடிந்ததும்

9.40 அளவில் கீழ்முனை வீடுகளில் தண்ணீர் மூன்றடியைத் தொட்டது. பாலத்தின் கீழ்ப்பக்கச் சுவரில் அது நீலக் கோட்டைத் தொட்டதோ 9.30க்குத்தான், எங்கள் விதிப்படி நடந்திருந்தால் அதற்குச் சற்று முன்புதான் ஆட்களை எழுப்பத் தொடங்கியிருப்போம். ஒன்பதே முக்காலுக்கு ஏதோ பெரிய பொருள் முறிந்த ஓசை பாலத்தில் கேட்டது. அதன்பின் மேல்பக்கத்து நீர் மளமளவென இறங்கியது. நள்ளிரவு ஒரு மணிக்குத் தெருவில் சேறு மட்டும் இருந்தது.

காயம்பட்டவர்: கண்ணாடி குத்திய ஒருவர். இறந்தவை: ஒரு கறவை ஆடும் இரண்டு குட்டிகளும். 14 தறிக் குழிகளும் நிறைந்திருந்தன. கொலுசு வேலை செய்யும் ஒரு வீட்டில், பல மாதங்களாகச் சேர்த்துவைத்திருந்த வெள்ளித் துகள் டப்பா மிதந்து போய்விட்டது. வாங்கிய வெள்ளிக்குத் துகள்வரை எடை கணக்குக் கொடுக்க வேண்டிய தொழில் அது. அந்த வீட்டுப் பெண் நான்கு நாட்கள் புறக்கடைச் சேற்றை அள்ளிச் சல்லடையில் அலசினார்.

கோடு ஏன் ஏமாற்றியது

காலையில் பாலத்தடியில் இறங்கிப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. அது மூன்று கண் பாலம். இரண்டு கண்களில் மெத்தை, தெர்மாகோல், வாழைமட்டை, பிளாஸ்டிக் பை, வேரோடு வந்த சீமைக் கருவேலம் எல்லாம் பின்னிச் சுவர்போல நின்றன. தை மாதத்திலிருந்து கரையில் யாரோ கொட்டிவந்த கட்டட இடிபாடு மூன்றாவது கண்ணைப் பாதியளவு குறுக்கியிருந்தது. ஆகவே பாலம் ஓர் அணைபோல் நின்றது. மேல்பக்கத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே போய், ஆற்றில் கலக்கும் தெருச் சாக்கடைக்குள் எதிர்த்து நுழைந்து, புறக்கடைகளில் பொங்கியது. கீழ்ப்பக்கத்திலோ கசிந்து வந்த நீர் மட்டும் மெதுவாக ஏறியது. நாங்கள் காவல் காத்தது அந்தக் கீழ்ப்பக்கத்தை. 9.45க்குக் கேட்ட ஓசை, ஒரு கண்ணை அடைத்திருந்த குப்பை உடைந்து போன ஓசை.

ஃபெஞ்சலின்போது இப்படி ஆகாததற்கும் காரணம் உண்டு. அப்போது ஐப்பசி முதலே மழை விட்டுவிட்டுப் பெய்து, ஆறு தன் குப்பையைச் சிறிதுசிறிதாகக் கீழே தள்ளியிருந்தது. புயல் மழையும் இரண்டு நாட்களில் பரவிப் பெய்தது. சித்திரையில் நான்கு மாதக் குப்பை, காய்ந்து இலேசாகி, முதல் தண்ணீரோடு ஒரே தவணையில் வந்தது. மழையின் அளவைக் காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரக் கணக்கில் எடுத்து, 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை என்று வகைப்படுத்துகிறார்கள். அதே அளவு மழை ஒரு நாள் முழுக்கப் பெய்வதும் ஒன்றரை மணி நேரத்தில் பெய்வதும் அந்தக் கணக்கில் ஒரே எண். ஆற்றுக்கு அவை ஒன்றல்ல.

போன வெள்ளத்தின் அளவை அடுத்த வெள்ளத்தின் எல்லையாகக் கொள்வது நாங்கள் மட்டும் செய்த பிழையன்று. அமெரிக்காவின் வட டகோட்டாவில் உள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில், ரெட் ஆற்றில் பனி உருகி வசந்தகாலத்தில் வெள்ளம் வருவது வழக்கம். 1979இல் ஆறு 48.8 அடிக்கு ஏறியது. 1997 ஏப்ரலுக்கு 49 அடி என்று முன்னறிவிப்பு வந்தபோது, தெரிந்த அளவுதானே என்று மக்கள் அந்த எண்ணை ஒட்டியே ஆயத்தமானார்கள். மணல் மூட்டைகளால் கரையை அதற்குச் சில அடி மேலே உயர்த்தினார்கள். ஆறு 54 அடியைத் தாண்டியது. ஏறத்தாழ 50,000 பேர் நகரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களுக்கு வாரக்கணக்கில் அவகாசம் இருந்தது. எங்களுக்கு மலையடிவாரத்துப் பெண்ணின் அழைப்பிலிருந்து முதல் சாக்கடை பொங்கும்வரை ஒன்றேகால் மணி நேரம். அவகாசம் எதுவானாலும், ஓர் எண்ணின் மேல் வைத்த நம்பிக்கை அதைத் தின்றுவிடும் என்பதை இரண்டிலும் காண்கிறேன்.

தொடர்ந்து வந்த வாரங்கள்

மறுநாளே சுகாதாரப் பணியாளர்கள் வந்து, சேற்றில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையை மருத்துவர் ஆலோசனைப்படி கொடுத்தார்கள். நிலத்தடித் தொட்டிகளை இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே புழங்கினோம். காய்ச்சல் கண்ட இருவரும் குணமானார்கள்.

தறிகள் திரும்ப ஓடத் தாமதமாயிற்று. கழிவுநீர் ஊறிய குழியைக் கழுவினால் மட்டும் போதவில்லை. ஈரம் உலராத குழிக்குமேல் பட்டுப் பாவை ஏற்ற முடியாது. மூன்று வாரம் முதல் ஐந்து வாரம்வரை 14 வீடுகளிலும் கூலி இல்லை. அந்த இரவைவிட அந்த வைகாசிதான் கொடியது என்று பெண்கள் சொன்னார்கள்; பள்ளி திறக்கும் மாதம் அது.

நிவாரணத்துக்கு மனு எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பேரிடர் நிவாரண விதிகளில் கைவினைஞரின் கருவி இழப்புக்கும் மூலப்பொருள் இழப்புக்கும் உதவித்தொகைக்கு இடம் உண்டு. ஆனால் இழப்பை உரிய அலுவலர் சான்றளிக்க வேண்டும். எங்கள் மக்கள் விடிந்ததும் செய்த முதல் வேலை வீட்டைக் கழுவியது. அதனால் நனைந்த பாவுக்கும் உடைந்த அச்சுக்கும் படம் இருந்தது ஐந்து வீடுகளில் மட்டுமே. விசாரணைக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வி, தண்ணீர் எத்தனை நாள் வீட்டுக்குள் நின்றது என்பது. ஐந்து மணி நேரம் என்று சொன்னோம். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. படிவத்தில் அதற்கு இடம் இல்லை. நாட்கணக்கில் தேங்கும் வெள்ளத்தை மனத்தில் வைத்து எழுதிய கேள்விகளுக்குள், மணிக்கணக்கில் வந்து போகும் மலை வெள்ளம் அடங்குவதில்லை. படம் இருந்த ஐந்து வீடுகளுக்கு உதவி கிடைத்தது. மற்ற ஒன்பது மனுக்களும் நிலுவையில் இருக்கின்றன.

மாற்றியவையும் மாறாதவையும்

நீலக் கோட்டை அழித்துவிட்டோம். இப்போது பாலத்தின் இரு பக்கங்களிலும் அடிக்கணக்கில் அளவு வரைந்திருக்கிறோம். இரு பக்க மட்டத்துக்கும் இடையே ஒரு முழத்துக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால், பாலத்தின் கண் அடைத்திருக்கிறது என்று பொருள் கொண்டு, தண்ணீர் எவ்வளவு கீழே இருந்தாலும் கீழ்முனையைக் காலி செய்வது என்பது புதிய விதி. அந்த மூதாட்டியின் புறக்கடைச் சாக்கடையும் ஓர் அளவுகோல் ஆகிவிட்டது. அங்கே தண்ணீர் எதிர்த்து வந்தால், வேறு யாரையும் கேட்காமல் அவரே கோயில் மணியை அடிக்கச் சொல்லலாம்.

மலையடிவாரத்தில் மூன்று ஊர்களிலும் மலைமேல் ஒரு தோட்டக் குடியிருப்பிலும் தெருக்காரர்களின் உறவினர்கள் இருக்கிறார்கள். ஓடையின் நிறம் மாறினால் அழைப்பது என்று அவர்களிடம் பேசிவைத்திருக்கிறோம். அழைப்பு வந்ததும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கும் தகவல் போகும். பள்ளிச் சாவியின் மறுபிரதி தெருவிலேயே இரண்டு வீடுகளில் உள்ளது. காலி செய்யும்போது இன்வெர்ட்டரை நிறுத்தும் பொறுப்பு, வீட்டுக்கு ஒருவர் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. பாலத்தடியைச் சுத்தம் செய்யச் சொல்லி இதுவரை புரட்டாசியில் மட்டும் மனுக் கொடுத்துவந்தோம். இப்போது மாசிக் கடைசியிலும் கொடுக்கிறோம். இந்த ஆண்டு மாசியில் கொடுத்த மனுவுக்குப் பங்குனி நடுவில் இயந்திரம் வந்து இரண்டு கண்களைத் திறந்துவிட்டுப் போனது.

மிகக் கடினமாக இருந்தது பாவு பற்றிய பேச்சு. எச்சரிக்கை கேட்டுப் பாவை அறுத்தவருக்கு, வெள்ளம் வந்தாலும் வராவிட்டாலும், பிணைப்புக் கூலியைப் பாவு கொடுத்த முதலாளியும் தெரு நிதியும் பாதிப் பாதியாக ஏற்பது என்று கேட்டோம். தெருவுக்குப் பாவு கொடுக்கும் ஐந்து பேரில் இருவர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் யோசிக்கிறேன் என்றார். இருவர் மறுத்துவிட்டார்கள். அந்த இருவரின் பாவு ஓடும் ஆறு தறிகளுக்கு, முழுக் கூலியையும் தெரு நிதியிலிருந்து கொடுப்பது என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறோம். மாதம் வீட்டுக்கு இருபது ரூபாய் வசூலாகிறது. அன்றிரவு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு நின்றவருடைய தறி அந்த ஆறில் ஒன்று.

சாக்கடை ஆற்றில் கலக்கும் வாயில், தண்ணீர் எதிர்த்து நுழையாதபடி ஒரு மடிப்புக் கதவு பொருத்தித் தருமாறு கொடுத்த மனு இன்னும் முடிவாகவில்லை. அது வரும்வரை, மலையில் இடி கேட்கும் மாலைகளில், குழுவில் ஒருவர் அந்த மூதாட்டியின் புறக்கடையில் கைவிளக்கோடு உட்கார்ந்திருக்கிறார்.